அம்மாவின் காம்பராவுக்கு ஒரு டிவி

எங்கள் வீட்டு ஹாலில் 43 இன்ச் டிவி ஒன்று இருக்கிறது. நல்ல டிவிதான். ஆனால் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் ரிமோட் பையன் கைக்குப் போனால் கிரிக்கெட், அதை அவன் தங்கை பிடுங்கினால் கார்ட்டூன், இரண்டு பேரையும் படிக்க விரட்டிவிட்டு என் மனைவி உட்கார்ந்தால் சீரியல். அம்மா இந்தச் சண்டைக்கே வரமாட்டார். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அந்த அறையை அவர் இன்னும் காம்பரா என்றுதான் சொல்வார். சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில் பிறந்து, கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அங்கிருந்து கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், எட்டுக்குப் பத்தடியில் எந்த அறையைப் பார்த்தாலும் அவருக்கு அது காம்பராதான்.

போன மழைக்காலம் வரைக்கும் அங்கே ஒரு டிவி இருந்தது. 2006ல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு வீட்டுக்கு வீடு கொடுத்ததே, அந்த 14 இன்ச் இலவச கலர் டிவி. கடைசி இரண்டு வருஷம் படத்தின் ஓரம் பச்சையாகத் தெரிந்தது, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் சரியாகும், எங்கே தட்டவேண்டும் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நவம்பரில் ஒரு இடி மழைக்கு அதுவும் போய்ச் சேர்ந்தது. பிக்சர் டியூப் டிவியை ரிப்பேர் பார்க்க இப்போது ஆள் கிடையாது. சரி, புதுசு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பட்ஜெட் 12,000 ரூபாய்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், ரெண்டாவது டிவிதானே, இருக்கறதுலயே மலிவா ஒண்ணை வாங்கிப் போடுங்க என்று. ஒரு மாதம் அலைந்த பிறகு சொல்கிறேன், ஹால் டிவிக்குத்தான் எதையாவது வாங்கிப் போடலாம். அங்கே எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், ஏதாவது சிக்கினால் ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தர் சரி செய்துவிடுவார்கள். சின்ன அறை டிவியை ஒரே ஆள், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கப் போகிறார். அந்த ஆளுக்கு அது ஒத்துவரவில்லை என்றால் பத்தாயிரம் ரூபாய் சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

முதலில் அளவு. என் மனதில் 24 இன்ச்தான் இருந்தது, சின்ன அறைக்குச் சின்ன டிவி என்று. தேடிப் பார்த்தால் 24 இன்சில் ஸ்மார்ட் டிவிகளே கொஞ்சம்தான், 32 இன்ச் விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. டிவி விற்கிறவர்கள் இன்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை குறுக்களவு. 32 இன்ச் என்றால் 80 சென்டிமீட்டர், ஆனால் அகலம் ஓரச் சட்டத்தோடு சேர்த்து ஏறக்குறைய 72 சென்டிமீட்டர்தான் வரும், உயரம் 43. அந்த அளவுக்கு இரண்டு தினத்தந்தித் தாளை ஒட்டி வெட்டி, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் செலோடேப் போட்டு ஒட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, செவுத்துல பேப்பர ஒட்டிட்டு அதையா பாக்கச் சொல்ற?" என்றார். மூன்று நாள் அப்படியே விட்டுவைத்தேன். பீரோக் கதவைத் திறந்தால் தாளின் ஓரத்தில் இடிக்கிறது என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது, அரை அடி தள்ளி ஒட்டினேன். இதையே டிவி மாட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் கான்கிரீட் டிரில்லோடு இன்னொரு தடவை ஆள் வரவேண்டியிருக்கும். டிவி வாங்கும் யாருக்கும் நான் சொல்வது இந்தத் தினத்தந்தி வேலைதான், காசே இல்லை.

தெளிவு பற்றி அதிகம் யோசிக்கவேண்டியதில்லை. இந்த விலையில் 32 இன்ச் பெரும்பாலும் எச்டி ரெடி, அதாவது 1366க்கு 768 புள்ளிகள். இன்னும் ஒன்றிரண்டாயிரம் போட்டால் சிலவற்றில் ஃபுல் எச்டி, 1920க்கு 1080. கட்டிலிலிருந்து ஆறடி தூரத்தில் எழுபத்து நாலு வயதுக் கண்ணுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அதுவும் எங்கள் கேபிள் பாக்ஸ் எச்டி இல்லாத சாதாரண எஸ்டி பாக்ஸ், அதிலிருந்து வருவதே 576 கோடுகள்தான். பாக்ஸ் கொடுக்காததை டிவி எங்கிருந்து காட்டும்? பெட்டியின் மேல் '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் உஷார். ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே வீடியோவை உள்ளே வாங்கி, தன்னிடம் இருக்கிற புள்ளிகளுக்குள் சுருக்கிக் காட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம், திரை 4கே கிடையாது.

கோயம்புத்தூருக்கு வேறு வேலையாகப் போனபோது காந்திபுரத்தில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் அதே பஞ்சவர்ணக்கிளி, அதே அருவி, அதே தேன் சொட்டும் வீடியோ ஓடுகிறது. "கலர் பாருங்ணா, எப்படி அடிக்குது பாருங்" என்றார் ஒரு தம்பி. அடிக்கத்தான் செய்தது. கடையில் டிவியை 'விவிட்' என்ற மோடில் வைத்திருப்பார்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது எடுப்பாகத் தெரியும், வீட்டில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கண் கூசும். கிளியை நிறுத்திவிட்டு ஏதாவது நியூஸ் சேனல் போடுங்கள் என்றேன். அந்தத் தம்பிக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். அப்புறம், ஜிஎஸ்டி குறைஞ்சிருக்குங்ணா, இப்ப வாங்கினாத்தான் லாபம் என்றார். 2025 செப்டம்பர் 22லிருந்து 28 சதவீதம் 18 ஆனது உண்மைதான், ஆனால் அது 32 இன்சுக்கு மேலே உள்ள டிவிகளுக்கு. 32 வரைக்கும் அதற்கு முன்னாலேயே 18தான். சொன்னேன். சிரித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

நியூஸ் சேனல் கேட்டதற்குக் காரணம் சத்தம். எங்கள் வீட்டின் பின்பகுதிக்குத் தகரக் கூரை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் நாள் முழுக்க விடாது, தகரத்தின் மேல் அது அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். அம்மா டிவி பார்ப்பவர் என்பதைவிட டிவி கேட்பவர். இலங்கை வானொலியில் வளர்ந்த காது, பாட்டு ஓடினால் கண்ணை மூடிக்கொள்வார். மலிவு டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கும், உடம்பும் ஒல்லி, அதனால் பெட்டியில் 20 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும் வருவது தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பாட்டுப் போட்டுக் கேட்டால் இது பிடிபடாது, எந்த ஸ்பீக்கரிலும் பாட்டு சுமாராக இருக்கும். மனிதர் பேசுவதைக் கேட்கவேண்டும். செய்தி வாசிப்பவர் சொல்வதைப் பத்தடி தள்ளி, திரும்பி நின்றுகொண்டு கேட்டேன். ஒரு டிவியில் 'மாவட்ட ஆட்சியர்' என்பது 'மாட்ட ஆச்சர்' என்று கேட்டது. விலையில் அதுதான் குறைவு. இன்னொன்றில், செட்டிங்ஸ் உள்ளே போய்ப் பேச்சை எடுத்துக் காட்டும் மோடைப் போட்டதும் வார்த்தை வார்த்தையாகப் பிரிந்தது, அதைக் குறித்துக்கொண்டேன்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் தனியாக வாங்கி மாட்டலாமே என்று மச்சான் கேட்டார். மாட்டலாம். பாட்டுக்குச் சரி. பேச்சுக்குச் சில சமயம் உதடு முன்னால் போய்விடும், சத்தம் பின்னால் வரும். தவிர அதற்குத் தனியாக சார்ஜ் போடவேண்டும், அணைக்கவேண்டும், இணையாவிட்டால் மறுபடி இணைக்கவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு இதையெல்லாம் செய்ய யார் எழுந்து போவது, நான்தான்.

அப்புறம் திரையின் கோணம். சின்ன அறையில் யாரும் டிவிக்கு நேர் எதிரே உட்காருவதில்லை, இடமிருந்தால்தானே. அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துப் பார்ப்பார், பேத்தி வந்தால் தரையில். மலிவுத் திரைகளில் சிலது நேராகப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், பக்கவாட்டில் போனால் சாம்பல் பூசிய மாதிரி வெளுக்கும், கீழிருந்து பார்த்தால் முகமெல்லாம் கறுத்துவிடும். ஐபிஎஸ் என்கிற வகைத் திரையில் இந்தத் தொல்லை குறைவு, விஏ என்கிற வகையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் கோணம் மாறினால் நிறம் போகும். எது எந்த வகை என்று கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது, பெட்டியிலும் போடமாட்டார்கள். ஆகவே கடையில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

இனி ஸ்மார்ட் சமாச்சாரம். இதில்தான் ஏமாறுவது சுலபம். கூகுள் டிவி, ஃபயர் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன் என்று டிவியை இயக்கும் ஊரறிந்த மென்பொருள்கள் நாலைந்து இருக்கின்றன. இவை தவிர 'ஆண்ட்ராய்டு ஸ்மார்ட் டிவி' என்று மட்டும் போட்டு ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு ஒரு வகை வருகிறது. கூகுளின் அங்கீகாரம் இல்லாமல், திறந்த மூலத்தில் கிடைக்கிற ஆண்ட்ராய்டை எடுத்துப் போட்டது. அதில் ப்ளே ஸ்டோர் இருக்காது, யாரோ செய்த வேறு ஸ்டோர் இருக்கும், யூடியூப் செல்போனில் வருகிற மாதிரி வந்து ரிமோட்டால் நகர்த்த முடியாமல் திண்டாடும், இரண்டு வருஷத்தில் ஒவ்வொரு ஆப்பாக வேலை செய்யாமல் போகும். ஆண்ட்ராய்டு என்று சொன்னால் கடையிலேயே ப்ளே ஸ்டோரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

நினைவகம் 1 ஜிபி, சேமிப்பு 8 ஜிபி என்பதுதான் இந்த விலையில் சகஜம். அந்த எட்டில் பாதியை டிவியே தின்றுவிடும். நாலைந்து ஆப் போட்டால் திணற ஆரம்பிக்கும். 1.5 ஜிபியோ 2 ஜிபியோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அம்மாவுக்கு வேண்டியது யூடியூப் ஒன்றுதான் என்பதால் நான் அதற்குக் காசு போடவில்லை. வாங்கிய அன்றைக்கே மற்றதையெல்லாம் அழித்தேன், அழிக்க முடியாததை முடக்கினேன். வேண்டாம் என்றாலும் முகப்பில் ஏதோ ஒரு படத்து விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விலை ஏன் குறைவு என்பதற்கு அதுவும் ஒரு பதில். சாதா டிவி வாங்கி, அதை ஸ்மார்ட் டிவியாக்குகிற ஸ்டிக் ஒன்றைச் செருகிவிடலாமா என்றும் யோசித்தேன், நல்ல யோசனைதான், ஐந்து வருஷம் கழித்து ஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கேபிளுக்கு ஒரு ரிமோட், ஸ்டிக்குக்கு ஒரு ரிமோட், டிவிக்கு ஒரு ரிமோட். அம்மாவுக்கு மூன்று ரிமோட் என்றால் டிவி இல்லை என்று அர்த்தம்.

வைஃபை விஷயத்தில் ஒரு சின்ன அதிர்ஷ்டம். மலிவு டிவிகளில் பலதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் இருக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் இருக்காது. எங்கள் வீட்டின் நடுச்சுவர் பழைய கல்சுவர், ஒன்றரை அடி தடிமன், அதைத் தாண்டி 5 எப்படியும் வராது, 2.4தான் கொஞ்சமாவது ஊடுருவும். குறை என்று எழுதியிருந்தது எங்கள் வீட்டுக்குக் குறையே இல்லை.

எங்கே வாங்குவது என்பதில்தான் அதிக நாள் போனது. ஆன்லைனில் எழுநூறு, எண்ணூறு ரூபாய் குறைவு. ஆனால் 643217 என்று பின்கோடு போட்டதும் பாதி டிவிகள் காணாமல் போயின. மீதியில் ஒன்றை வாங்கிய பக்கத்து வீட்டு அண்ணனின் கதை எனக்குத் தெரியும். டிவி நாலு நாளில் வந்துவிட்டது, மாட்டித் தர ஆள் வர பதினொரு நாள். கஸ்டமர் கேரில் தினமும் "நாளை மதியத்துக்குள் வருவார்" என்றார்களாம். கடைசியில் வந்தவர் மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் மழையில் நனைந்துகொண்டு வந்தவர், அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, அண்ணன் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். ஒரு வருஷ வாரண்டி என்று எல்லாரும் போடுகிறார்கள். மலை மேல் இருப்பவர்கள் கேட்கவேண்டியது, ரிப்பேருக்கு ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், டிவியைக் கழற்றிக் கீழே கொண்டுபோகச் சொல்வார்களா என்பதைத்தான். நான் ஜான்ஸ்டன் ஸ்கொயர் பக்கத்தில் ஒரு கடையில் 12,600 ரூபாய்க்கு வாங்கினேன். பட்ஜெட்டை அறுநூறு தாண்டியது. கடைக்காரர் படுகர், பதினைந்து வருஷப் பழக்கம், கேட்ட கேள்விக்கு "சொல்றது ஒண்ணுதாண்ணா, குன்னூர்ல ஆள் இருக்கான், ரெண்டு நாள்ல வருவான், வரலைன்னா நான் வர்றேன்" என்றார். பிராண்ட் பெயர் எழுதமாட்டேன், நான் சொல்லி நீங்கள் வாங்கி அது கெட்டுப்போனால் என்னைத் தேடுவீர்கள். வாங்கும் முன் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று ஒரே நிறம் மட்டும் ஓடும் வீடியோவை யூடியூபில் போட்டுச் செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஐந்து நிமிஷ வேலை.

மாட்டும்போது ஒரு வாக்குவாதம். தினத்தந்தி ஒட்டிய சுவர் வெளிச்சுவர் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மாட்ட வந்த பையன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், கையை எடுத்து என்னிடம் காட்டினான். ஈரம். ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்கும் இங்கே வெளிச்சுவர் வியர்க்கும், காலண்டரின் பின்பக்கம் பூசணம் பிடிக்கும், டிவியின் முதுகுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? ஆகவே அளந்து, வெட்டி, மூன்று நாள் பார்த்த இடத்தை விட்டுவிட்டு, சமையலறை பக்கத்து உள்சுவரில் மாட்டினோம். அடுப்புச் சூட்டில் அந்தச் சுவர் காய்ந்தே இருக்கும். சுவரை ஒட்டி உட்காரும் பிராக்கெட்டாக இல்லாமல், இரண்டு விரல்கடை இடைவெளி விட்டு நிற்கிற பிராக்கெட்டாக வாங்கினேன், பின்னால் காற்று போகட்டும் என்று. புது இடத்துக்கும் தாளைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தோம். "மறுபடியும் பேப்பரா" என்றார் அம்மா.

கரண்ட் இன்னொரு கதை. பைக்காராவில் 1932லேயே மின்சாரம் எடுத்த மலை இது, மரம் ஒன்று சாய்ந்தால் எங்களுக்கு ராத்திரி முழுக்க மெழுகுவர்த்தி. கரண்ட் போவதால் டிவிக்கு ஒன்றும் ஆகாது, திரும்பி வரும்போதுதான் ஆபத்து. திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கிற சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று போட்டிருக்கிறேன். இடி இடித்தால் ப்ளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, கேபிள் ஒயரையும் கழற்றவேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும். பழைய டிவி அப்படித்தான் போனது என்று எனக்குச் சந்தேகம். கரண்ட் பில் பற்றிக் கவலை வேண்டாம். டிவியின் முதுகில் 50 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது, தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட், அதற்குத்தான் இலவச யூனிட் இருக்கிறதே.

இவ்வளவும் செய்தபிறகு, முதல் வாரம் அம்மா டிவி பக்கமே போகவில்லை. ஆன் செய்தால் முகப்புப் பக்கம் வந்து நிற்கிறது, அதிலிருந்து கேபிள் பாக்ஸ் செருகியிருக்கிற எச்டிஎம்ஐ என்ற இணைப்புக்குப் போய், பாக்ஸைப் பிடித்து, சேனல் மாற்றவேண்டும். "தொறந்தா கடவீதி மாதிரி இருக்கு, எனக்கு வேணாம்" என்றுவிட்டார். செட்டிங்ஸில் குடைந்து பார்த்ததில், ஆன் ஆனதும் நேராக எச்டிஎம்ஐ ஒன்றுக்குப் போய் நிற்கும்படி வைக்க வழி இருந்தது. எல்லா டிவியிலும் இது இல்லை. நான் கடையில் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி இது, நல்லவேளையாக இருந்தது. பிறகு மகளின் நெயில்பாலீஷை எடுத்து டிவி ரிமோட்டில் பவர் பட்டனுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தேன், யூடியூப் பட்டனுக்கு ஒரு பொட்டு, மற்ற ஆப் பட்டன்கள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். இப்போதைய ஸ்மார்ட் ரிமோட்டுகளில் நம்பர் பட்டனே இருப்பதில்லை, சேனலுக்குக் கேபிள் ரிமோட்டேதான். ஆக, இரண்டு ரிமோட். இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டியது அம்மாவின் சொந்த யோசனை. திருப்பினால் டிவி, மறுபடி திருப்பினால் கேபிள்.

யூடியூபுக்கு என் கூகுள் கணக்கைத்தான் போட்டேன், அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆபீஸில் போனைத் திறந்தால் அறுபதுகளின் சோகப் பாட்டும் மூட்டு வலி வைத்தியமும் வரிசையாக நிற்கின்றன. தனிக் கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள்.

இப்போது எங்களுக்குள் நடக்கும் சண்டை வேறு. ராத்திரி டிவியை அணைத்த கையோடு அம்மா பழைய சேலைத்துண்டை எடுத்து அதன் தலையிலிருந்து இடுப்புவரை போர்த்திவிடுகிறார், பனி இறங்கும் என்று. சூடு ஆறட்டும், அரை மணி நேரம் கழித்துப் போர்த்துங்கள் என்று நான் சொல்கிறேன். "சூட்டோட போத்துனாத்தான் குளிராது" என்கிறார்.